வீட்டில் பிரேக் வேலை: எதைக் கழற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது

கார் பிரேக்கில் வீட்டில் செய்கிற வேலைகளை இரண்டாகப் பிரிக்கலாம். தேய்ந்துபோன பாகத்தை எடுத்துவிட்டு அதே அளவில், அதே தரத்தில் புதியதைப் போடுவது ஒன்று. பாகத்தின் அளவையோ, உலோகத்தையோ, ஆயில் ஓடும் வழியையோ மாற்றுவது மற்றொன்று. முதலாவது, சரியான கருவிகளும் பொறுமையும் இருந்தால் வாசலில் வைத்தே முடிகிற வேலை. இரண்டாவதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. தப்பாகச் செய்த வேலையும் முதல் நாள் நன்றாகவே பிடிக்கும். தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு "பிரேக் பிடிக்கிறது" என்று சொன்னால் அது சோதனையே ஆகாது. பிரேக் கெடுவது சூட்டில், அதிர்வில், மாதங்கள் கழித்து. அதுவும் முழு பலமும் தேவைப்படுகிற அந்த ஒரு நிறுத்தத்தில்.

முன் அச்சில் ஒரு முழு பிரேக் வேலையை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போவோம். கணக்குக்காக 1200 கிலோ எடையுள்ள கார், முன்புறம் 22 மி.மீ. கனமுள்ள காற்றோட்ட டிஸ்க், 54 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் கொண்ட மிதவைக் கேலிப்பர், பின்புறம் ட்ரம் என்று வைத்துக்கொள்ளலாம். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு. கேலிப்பர் என்பது பேட்களை இரு பக்கமும் வைத்து அந்தத் தட்டை நெரிக்கும் கவ்வி. மிதவை வகையில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், கவ்வி ஸ்லைடு பின்களின் மேல் நகர்ந்து மறுபக்கத்தையும் பிடிக்கும். ட்ரம்மில் ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து பிடிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் செய்ய வேண்டியதோடு, அந்த இடத்தில் வழக்கமாக நடக்கிற "மாற்றம்" எது, அது எப்படிக் கெடுகிறது என்பதும் சேர்ந்தே வரும்.

முதலில் கணக்கு

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் மூன்று எண்களை மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. 100 கி.மீ. வேகத்தில் போகும் 1200 கிலோ காரில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 460 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அவசரமாக நிறுத்தும்போது அவ்வளவும் நான்கே விநாடிக்குள் வெப்பமாக மாறுகிறது. அதில் ஏறக்குறைய 70 சதவீதத்தை முன் சக்கரங்கள் இரண்டும் வாங்கிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் 5 கிலோ எடையுள்ள டிஸ்க் என்றால், ஒரே நிறுத்தத்தில் அதன் வெப்பம் 65 முதல் 70 டிகிரி வரை ஏறும். மலைப்பாதை இறக்கத்தில் ஆறவிடாமல் ஐந்தாறு முறை இப்படிப் பிடித்தால் டிஸ்க் எங்கே போய் நிற்கும் என்று கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம். வேகம் பாதியானால், அதாவது 50 கி.மீ. என்றால், ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிடும். தெருமுனைச் சோதனை எதையும் காட்டாததற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது எண் அழுத்தம். காலால் 20 கிலோ பலம் கொடுத்தால் பெடலின் நெம்புகோல் அமைப்பு அதை நான்கு மடங்காக்கும். பெடலுக்கு உதவும் பூஸ்டர் இன்னும் நான்கு மடங்காக்கும். ஆயிலைத் தள்ளி அழுத்தம் உண்டாக்கும் 22 மி.மீ. மாஸ்டர் சிலிண்டரில் அது 80 பாருக்கு மேல் அழுத்தமாகிறது. டயரில் இருப்பது இரண்டு சொச்சம் பார்தான்.

மூன்றாவது எண், கேலிப்பரைக் காரோடு பிணைக்கும் பிராக்கெட் தாங்குகிற இழுவை. பிடி நன்றாக இருக்கும் சாலையில் முழு பலத்தோடு நிறுத்தினால், ஒரு முன் டயருக்கும் தரைக்கும் இடையே 380 கிலோ அளவுக்கு விசை வரும். டயரின் ஆரம் 300 மி.மீ., பேட் டிஸ்க்கைப் பிடிக்கும் இடத்தின் ஆரம் 110 மி.மீ. ஆகவே பிராக்கெட்டின் மேல் விழுவது ஆயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு போல்ட்டும் ஒரு வார்ப்பும்தான் அதைத் தாங்குகின்றன, ஒவ்வொரு நிறுத்தத்திலும்.

தூக்குவதும் தூசியும்

சமதளத் தரை, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, ஜாக்கியால் தூக்கிய உடனே ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குப் பக்கத்தில் உட்காரவே கூடாது. வீல் நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் பக்கவாட்டு அடிப்பகுதிக்குக் கீழே படுக்கவைத்தால் இன்னொரு காப்பு.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. வாயாலும் கூடாது. பழைய பேட்களிலும் ஷூக்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், புதியவற்றின் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனரை அடித்து ஈரமாக்கி, கீழே வைத்த தட்டில் வழியவிட்டுத் துடைக்க வேண்டும். கிளீனர் டப்பாவில் இருப்பதைப் படியுங்கள். குளோரின் கலந்த வகை என்றால், அது காயாமல் இருக்கும் பாகத்துக்குப் பக்கத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். கொஞ்சம் சுவாசித்தாலே உயிருக்கு ஆபத்து. பிராக்கெட்டைக் கிளீனரால் கழுவி உடனே வெல்டிங் வைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

கழற்றுவது

கேலிப்பரின் கீழ் ஸ்லைடு பின் போல்ட்டைக் கழற்றி மேலே மடக்கினால் பேட்கள் வெளியே வந்துவிடும். டிஸ்க்கை மாற்றப் போகிறோம் என்றால் கேலிப்பர் முழுவதையும் எடுத்து, தடித்த கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் படலம் கிழியலாம். கிழிந்த படலம் ஒருவழி வால்வு மாதிரி வேலை செய்யும். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டதும் திரும்பி வராது. அந்தப் பக்கத்துப் பிரேக் எப்போதும் ஒட்டிக்கொண்டே ஓடி டிஸ்க் கடுமையாகச் சூடாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிதுபோல் இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது, கேலிப்பரிலும் குறையில்லை என்றால் சந்தேகம் முதலில் ஹோஸின் மேல்தான் விழ வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றுங்கள். கிளிப் எந்தப் பக்கம், உள்பேட் எது, தேய்மானத்தைக் கூவிச் சொல்லும் தகடு மேலா கீழா என்று குழம்பினால் மறுபக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்க்: அளப்பது, துளைப்பது

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக்குழிவிலோ குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். 22 மி.மீ. டிஸ்க்குக்கு அது பெரும்பாலும் 20 என்று இருக்கும். வெர்னியர் காலிப்பரால் ஓரத்தில் அளந்தால் தப்பான அளவுதான் வரும், ஏனென்றால் வெளி விளிம்பில் பேட் படாத வரம்பு ஒன்று தேயாமல் நிற்கும். மைக்ரோமீட்டரை விளிம்பிலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே வைத்து, சுற்றி எட்டு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எட்டில் சிறியதுதான் டிஸ்க்கின் கனம். பெரியதற்கும் சிறியதற்கும் வித்தியாசம் 0.02 மி.மீ. தாண்டினால் பிரேக் பிடிக்கும்போது பெடலிலும் ஸ்டியரிங்கிலும் துடிப்பு வரும். இதைத்தான் பலரும் "டிஸ்க் வளைந்துவிட்டது" என்கிறார்கள். பெரும்பாலும் எதுவும் வளைந்திருக்காது. கனம்தான் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது பேட்டின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும்.

புதிய டிஸ்க் மாட்டிய சில ஆயிரம் கி.மீ. ஓட்டத்திலேயே துடிப்பு வந்தால் குற்றவாளி, டிஸ்க்கும் சக்கரமும் மாட்டப்படும் ஹப்பின் முகம். அங்கே தாள் கனத்துக்குத் துருப் பொருக்கு இருந்தால், டிஸ்க்கின் வெளி ஓரத்தில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்டமாகத் தெரியும். வயர் பிரஷ், பிறகு உப்புத்தாள், பிறகு துணி. போல்ட் அடிகளைச் சுற்றியிருக்கும் வளையத்தை விட்டுவிடாதீர்கள், துரு ஒளிவது அங்கேதான். டிஸ்க்கை வைத்து எல்லா வீல் நட்டையும் வாஷரோடு இறுக்கி, டயல் கேஜால் ஓர ஆட்டத்தைப் பாருங்கள். 0.05 மி.மீ. நல்லது. 0.1 தாண்டினால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளி வைத்து மறுபடி அளக்க வேண்டும். புதிய டிஸ்க்கில் பூசியிருக்கும் துருத்தடுப்பு எண்ணெயைக் கிளீனரால் முழுக்கக் கழுவிய பிறகே பேட் போட வேண்டும்.

இந்த இடத்தில் நடக்கிற மாற்றம், சாதாரண டிஸ்க்கில் துளை போடுவது. தொழிற்சாலையில் துளையோடு வரும் டிஸ்க்கில் ஒவ்வொரு துளையும் உள்ளே இருக்கும் காற்றோட்டத் தடுப்புச் சுவர்களின் இடம் பார்த்துத் திட்டமிடப்பட்டது. விளிம்பும் சரிவாக மழிக்கப்பட்டிருக்கும். வீட்டு ட்ரில் அந்தச் சுவரையே குறுக்கே வெட்டிவிடும். டிஸ்க் வார்ப்பிரும்பு. நசுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதன் மேற்பரப்பு சூடாகி விரிந்து, பிறகு ஆறிச் சுருங்குகிறது. துளையின் கூரான விளிம்பில்தான் அந்த இழுவிசை போய்க் குவியும். முதலில் மயிரிழை போன்ற விரிசல் துளையிலிருந்து துளைக்குப் போகும். பிறகு ஒரு நாள் டிஸ்க் துண்டாகும். இத்தனை ஆபத்துக்கும் ஈடாகச் சாலையில் ஓடும் காருக்குக் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை. சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய இரும்பைத் துளைத்து எடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

குறைந்தபட்சக் கனத்துக்குக் கீழே போன டிஸ்க்கைக் கடைந்து மட்டப்படுத்துவதும் இதே ரகம். பளபளப்பாகத் தெரியும். இரும்பு குறைந்ததால் சூடு வேகமாக ஏறும். பிஸ்டனும் அதன் துளையிலிருந்து கூடுதலாக வெளியே வந்து நிற்கும்.

பிஸ்டனும் அந்தச் சதுர சீலும்

கேலிப்பருக்குள் மிக அழகான பாகம் ஒரு ரப்பர் வளையம். பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும், அதன் குறுக்குவெட்டு சதுரம். மிதிக்கும்போது பிஸ்டன் முன்னால் நகரும், சீல் அதைப் பிடித்துக்கொண்டே லேசாக முறுக்கிச் சாயும். பெடலை விட்டதும் முறுக்கு நிமிரும், பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துவிடும். டிஸ்க் பிரேக்கில் பேட்டை விலக்க ஸ்ப்ரிங் இல்லாமலே வேலை நடக்கிறதென்றால் அது இந்தச் சீலால்தான். பேட் தேய்ந்து பிஸ்டன் அதிகத் தூரம் போக வேண்டி வந்தால் சீலின் மேல் வழுக்கிக்கொண்டு போய்ப் புதிய இடத்தில் பிடித்துக்கொள்ளும். தானாகச் சரிசெய்துகொள்வதும் அதே வளையம்தான்.

இது புரிந்தால் மூன்று தவறுகள் தாமாகவே நின்றுவிடும். பிஸ்டனின் துருப்புள்ளியை உப்புத்தாளால் தேய்ப்பது முதல் தவறு. குரோம் பூச்சு போனால் அடுத்த மழைக்காலத்தில் அங்கே குழி விழும், சீல் அதில் அறுபடும். குழி விழுந்த பிஸ்டனை மாற்றுவது ஒன்றே வழி. சீலின் மேல் சாதாரண கிரீஸ் பூசுவது இரண்டாவது. பிரேக் சீல்கள் ஈபிடிஎம் ரப்பரால் ஆனவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அவை ஊறி உப்பும், உப்பிய சீல் பிஸ்டனைத் திரும்ப விடாது. பூச வேண்டியது பிரேக் அசெம்பிளிக்கென்று வரும் கிரீஸ், இல்லையென்றால் சுத்தமான பிரேக் ஆயில். கழற்றிய பழைய சீலைத் திரும்பப் போடுவது மூன்றாவது. அது முறுக்கிப் பழகிய இடம் மாறிவிட்டது, புதிய சீல் செட் போட்டே ஆக வேண்டும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, கேலிப்பரிலிருந்து ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்துவிட்டுத் தள்ளுங்கள். கேலிப்பர் அடியில் தங்கியிருந்த கறுத்த ஆயில், சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டிக்குள் ஏறாமல் வெளியே போய்விடும். தள்ளி முடித்த கையோடு நிப்பிளை மூட வேண்டும். பின் சக்கரத்தில் டிஸ்க் இருந்து, ஹேண்ட்பிரேக் அதே கேலிப்பரில் இயங்கினால் பிஸ்டனைத் தள்ளக் கூடாது, அதற்கான கருவியால் திருகிக்கொண்டே உள்ளே அனுப்ப வேண்டும். மின் ஹேண்ட்பிரேக் என்றால் முதலில் சேவை நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பலவந்தமாகத் தள்ளினால் உள்ளே இருக்கும் திருகு உடையும்.

ஸ்லைடு பின்

பேட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், குறிப்பாக உள்பேட் காலியாகி வெளிப்பேட் பாதி இருந்தால், ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. இரண்டு பின்னையும் உருவி, துளையையும் துடைத்து, சிலிக்கோன் வகை பிரேக் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். துளை நிறைய அடைத்தால் பின் உள்ளே போகும்போது காற்றும் கிரீஸும் பின்னின் ரப்பர் தூசு உறையைப் (பூட்) பிதுக்கிவிடும். மேல் பின்னும் கீழ் பின்னும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் சில கார்களில் ஒன்றின் நுனியில் ரப்பர் உறை இருக்கும். இடம் மாற்றிப் போட்டால் சீக்கிரமே இறுகும். காப்பர் கிரீஸை இங்கே கொண்டுவராதீர்கள்.

பிராக்கெட்டில் பேட்டின் காதுகள் உட்காரும் பள்ளத்தைத் துரு போகச் சுரண்டிப் புதிய கிளிப் போட வேண்டும். பேட் இறுக்கமாக இருக்கிறதென்று கிரைண்டரால் காதைச் சீவுவது வழக்கமாகப் பார்க்கிற காட்சி. பள்ளத்தில் கிளிப்புக்கு அடியில் துரு வீங்கியிருந்ததால்தான் இறுக்கம். அதை எடுத்தால் பேட் கையாலேயே வழுக்கிக்கொண்டு போகும். அதன் பிறகும் போகவில்லையென்றால் அது இந்தக் காருக்கான பேட் இல்லை.

பெரிய கேலிப்பர் ஆசை

வேறொரு காரின் பெரிய கேலிப்பரை, தகட்டில் வெட்டிய பிராக்கெட்டால் மாட்டுவதுதான் வீட்டு மாற்றங்களில் மிக ஆபத்தானது. ஆயிரம் கிலோ கணக்கை நினைவில் கொள்ளுங்கள். வெல்டிங் வைத்த தகட்டில் வெல்டுக்குப் பக்கத்து உலோகம் கடினப்பட்டிருக்கும். ஒவ்வொரு நிறுத்தமும் அதை வளைக்கப் பார்க்கும். சில ஆயிரம் நிறுத்தங்களுக்குப் பிறகு வெல்டின் ஓரத்திலிருந்து விரிசல் தொடங்கும். கண்ணால் பார்த்து வெல்டின் உள்தரத்தைச் சொல்லவே முடியாது. பிராக்கெட் விட்டால் கேலிப்பர் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும், ரிம்மின் உள்பக்கத்தில் சிக்கிச் சக்கரத்தை இறுக்கும், ஹோஸை அறுக்கும்.

பிராக்கெட் பலமாகவே அமைந்தாலும் பிஸ்டன் பரப்பு என்று ஒன்று இருக்கிறது. நம் காரின் 54 மி.மீ. பிஸ்டனுக்குப் பரப்பு 2290 சதுர மி.மீ. அதற்குப் பதில் 60 மி.மீ. போட்டால் 2827, அதாவது 23 சதவீதம் கூடுதல். அதே அழுத்தத்தில் முன் பிடிப்பு 23 சதவீதம் ஏறும். கூடவே பிஸ்டன் நகர வேண்டிய ஆயிலும் 23 சதவீதம் கூடும். மாஸ்டர் சிலிண்டர் அதே பழையது, எனவே பெடல் இன்னும் கீழே இறங்கும். முன்னும் பின்னும் இருந்த பங்கீடு கெட்டு, முன் டயர் முதலில் லாக் ஆகும், பின் பிரேக் தன் பங்கைச் செய்யாமலே நிற்கும். டயரின் பிடி அப்படியே இருப்பதால் நிறுத்தும் தூரம் குறையாது. நீளவும் செய்யலாம். பின்புறத்தை மட்டும் பெரிதாக்கினால் இன்னும் மோசம். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் கார் திரும்பிச் சுழலும், அதைச் சாமானிய ஓட்டுநர் யாரும் கட்டுப்படுத்த முடியாது.

நான்கு பிஸ்டன் கேலிப்பரில் ஒரு கண்கட்டு உண்டு. மிதவைக் கேலிப்பரோடு ஒப்பிடும்போது அதன் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டுமே எண்ண வேண்டும். 38 மி.மீ. பிஸ்டன் பக்கத்துக்கு இரண்டு என்றால் பரப்பு 2268, நம் ஒற்றை 54-க்கு ஏறக்குறைய சமம். நான்கையும் கூட்டி "இரண்டு மடங்கு பலம்" என்று சொல்வது தப்புக் கணக்கு. ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் பழைய கேலிப்பரின் அளவுக்கு அழுத்தத்தை ஏற்றி இறக்கும்படி அமைந்தது என்பதும் இதோடு சேரும்.

பின் ட்ரம்மை டிஸ்க்காக மாற்றுகிறவர்களுக்கு இரண்டு கேள்வி. ஹேண்ட்பிரேக் எங்கே? ட்ரம்முக்கென்று பழைய கார்களின் ஆயில் பாதையில், பெடலை விட்ட பிறகும் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் எச்ச அழுத்த வால்வை என்ன செய்தீர்கள்? அது இருந்தால் பேட் டிஸ்க்கை விடாது. முழு அச்சும், மாஸ்டர் சிலிண்டரும், பங்கீட்டு வால்வும் ஒரே மாடலின் ட்ரம் இல்லாத வகையிலிருந்து மொத்தமாக வந்தால் மட்டுமே இந்த வேலைக்கு ஒரு அடிப்படை உண்டு.

பைப், ஹோஸ், புரி

ஆயில் வழியில் வீட்டில் செய்யத் தக்கது, நீளம் வெட்டி முனை அமைத்து வருகிற சரியான பைப்பை வாங்கி மாட்டுவது. துருப்பிடித்த பைப்பில் நடுவில் ஒரு துண்டை வெட்டி, ஃபெரூல் என்ற வளையத்தை வைத்து இறுக்கும் கம்ப்ரஷன் இணைப்பைப் போடக் கூடாது. அது 80, 100 பாரும் அதிர்வும் சேர்ந்த இடத்துக்கு ஆனதில்லை, ஒரு நாள் பைப் உருவிக்கொண்டு வரும். வீட்டுக் குளிர்சாதனத்துச் செம்புக் குழாயும் ஆகாது. தூய செம்பு அதிர்வில் இறுகி, நுனியில் விண்டுவிடும். செம்பு நிக்கல் கலவைப் பைப் என்று பிரேக்குக்கே வருவது வேறு பொருள், அது நல்லது.

பைப் நுனியை விரிப்பதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, சுவரை மடித்து இரண்டடுக்காக்கும் டபுள் ஃப்ளேர். மற்றொன்று, காளான் தலை மாதிரி இருக்கும் பபிள் ஃப்ளேர். ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்றை வைத்தால் கொஞ்ச நாள் கசியாமல் நிற்கும், அதுதான் வம்பு. ஒற்றை மடிப்பு விரிப்பு எந்த இடத்துக்கும் ஆகாது, மடிப்பில் கீறும்.

புரியில் இதைவிடச் சூட்சுமமான பொறி இருக்கிறது. பைப் நட்டுகளில் 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. புரி இடைவெளியும் கொண்டது ஒன்று. 3/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரியும் கொண்டது மற்றொன்று. இரண்டாவதன் விட்டம் 9.5 மி.மீ., புரி இடைவெளி 1.06 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அங்குல நட்டை 10 மி.மீ. துளையில் போட்டால் இரண்டு மூன்று சுற்று லொடலொடவென்று போகும், பிறகு புரி பிசகி இறுகியதுபோல் காட்டும். பிடித்திருப்பது புரிகளின் நுனி மட்டும். பலமாக மிதிக்கிற நாளில் பிடுங்கிக்கொண்டு வரும். எந்த நட்டாக இருந்தாலும் கையால் ஐந்தாறு சுற்று சிக்கல் இல்லாமல், ஆட்டமும் இல்லாமல் போக வேண்டும். அதற்கு முன் ஸ்பேனரைத் தொடக் கூடாது.

கம்பிப் பின்னல் ஹோஸை வீட்டில் வெட்டி முனை போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் காருக்கென்றே செய்து, அழுத்தச் சோதனை முடித்து வருவதை வாங்கலாம். மாட்டிய பிறகு சக்கரத்தை இரண்டு கோடிக்கும் திருப்பியும், சஸ்பென்ஷனை முழுக்க இறக்கியும் ஏற்றியும் பார்க்க வேண்டும். பின்னல் எதையாவது உரசினால் அது ரம்பம் மாதிரி அறுக்கும். ஹோஸ் முனையில் வரும் செம்பு வாஷர் இரண்டும் ஒவ்வொரு முறையும் புதிது.

ஆயில்

பிரேக் ஆயிலின் தரப் பெயர்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் (glycol) வகை. இவற்றுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை முறையே 205, 230, 260 டிகிரி. காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சி 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அது 140, 155, 180 ஆக இறங்கிவிடும். டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு சேராது, பெயரில் இருக்கும் அந்த ஒரு புள்ளியைக் கவனிக்காமல் ஊற்றிவிடாதீர்கள். பழைய ஆயில் இறக்கத்தில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். ஆறிய பிறகு எல்லாம் சரியாக இருக்கும், அதனால் பழியை வேறெதன் மேலாவது போட்டுவிடுவார்கள். சூட்டில் பெடல் விழுகிறதா என்று சந்தேகம் வந்தால் கொஞ்சமும் யோசிக்காமல் ஆயிலை மாற்ற வேண்டியதுதான்.

ஸ்டியரிங் ஆயிலையோ இஞ்சின் ஆயிலையோ பிரேக் டப்பாவில் தவறி ஊற்றியதற்கு முதல் அடையாளம் மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் உறை. உப்பிப்போய் மூடிக்குள் திரும்ப அடங்காது. அப்படிக் கண்டால் காரை நகர்த்தாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், கேலிப்பர், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ரப்பர் இருக்கும் எல்லாவற்றையும் மாற்றிப் பைப்பைக் கழுவ வேண்டும். கழுவி மட்டும் விட்டால் உப்பிய சீல் உப்பியபடிதான் இருக்கும்.

ஆயில் பாதையிலிருந்து காற்று எடுக்கும்போது பழைய மாஸ்டர் சிலிண்டரில் பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம். வழக்கமாகப் பிஸ்டன் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் அழுக்கும் துருவும் இருக்கும், சீல் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். குழாயின் நுனி ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். மிதி, திற, மூடு, விடு என்பதே வரிசை. மூடுவதற்கு முன் பெடலை விட்டால் காற்று உள்ளே போகும். சக்கர வரிசை காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருப்பதுதான் சரி. டப்பா காலியாகி ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்றுப் போய்விட்டால் ஸ்கேன் கருவியின்றி அது வெளியே வராது. பெடல் பஞ்சாகவே இருக்கும்.

பேட்

பேட்டின் தகட்டில் இரண்டு எழுத்துகள் அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. ஈசிஇ ஆர்90 என்ற தர விதியின் முத்திரை இருந்தால் காரோடு வந்த பேட்டின் பிடிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகாது என்று சோதிக்கப்பட்டது. ஒரே அச்சில் இரு பக்கமும் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும். பந்தயப் பேட்டைச் சாலைக் காரில் போடாதீர்கள், குளிர்ந்திருக்கும்போது அது பிடிக்காது. காலையில் முதல் நிறுத்தம்தான் ஆபத்து.

கேலிப்பருக்குச் சாயம் அடிக்கலாம், தீங்கில்லை. ரப்பர் பூட், பிஸ்டன், நிப்பிள், ஸ்லைடு பின், பேட் உட்காரும் முகம் இத்தனையையும் மறைத்த பிறகே அடிக்க வேண்டும். டிஸ்க் ஹப்போடு சேரும் முகத்திலும் வீல் நட் உட்காரும் இடத்திலும் சாயம் படவே கூடாது, சாயம் அமுங்க அமுங்க நட் தளரும்.

இறுக்குவதும் பார்ப்பதும்

இறுக்க அளவு காருக்குக் கார் மாறும், கையேட்டு எண்தான் செல்லும். பொதுவாக ஸ்லைடு பின் போல்ட் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட் 80 முதல் 120, நிப்பிள் 7 முதல் 12. டார்க் ரெஞ்ச் இல்லாமல் பிராக்கெட் போல்ட்டை இறுக்குவது வேலையே ஆகாது.

கார் நகர்வதற்கு முன் பெடலை மிதித்துக்கொண்டே இருங்கள். பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் இரண்டு மூன்று மிதி வெறுமையாகப் போகும், இதை மறந்து கியர் போட்டவர்கள் சுவரில் போய் நின்றிருக்கிறார்கள். பெடல் கெட்டியானதும் இஞ்சினை நிறுத்தி, நான்கைந்து மிதி கொடுத்துப் பூஸ்டரைக் காலியாக்கி, அழுத்திப் பிடித்தபடி இஞ்சினை ஓடவிடுங்கள். பெடல் லேசாக இறங்கினால் பூஸ்டர் நலம். அப்படியே முழு பலத்தோடு அரை நிமிடம் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் போயிருக்கிறது. பிடித்திருக்கும்போதே இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் வெள்ளைத் தாளைத் தடவிப் பார்க்கட்டும்.

பிறகு வெறுமையான சாலையில் நடைவேகத்தில், அடுத்து 20, 40. புதிய பேட்டைப் பழக்க, பேட்டோடு வந்த குறிப்பு வேறாகச் சொல்லாதபட்சத்தில், 60 கி.மீ. வேகத்திலிருந்து 15-க்கு நடுத்தர மிதியில் எட்டுப் பத்து முறை, இடையில் அரை நிமிடம் ஓட்டம். கடைசியில் காரை நிறுத்திப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்காமல், சில கி.மீ. ஓட்டி ஆறவிட வேண்டும். சூடான பேட்டை நிற்கும் டிஸ்க்கில் அழுத்தி வைத்தால் அந்த இடத்தில் பேட்டின் அச்சு ஒட்டிக்கொள்ளும், முன்பு சொன்ன துடிப்பு அங்கிருந்தே தொடங்கும். வீடு வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டை ஒப்பிடுங்கள். முன் இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்கத்து ஸ்லைடு பின்னையும் ஹோஸையும் மறுபடி பார்க்க வேண்டும். மறுநாள் காலை ஆயில் மட்டத்தைப் பார்த்து, 100 கி.மீ. ஓடிய பின் வீல் நட்டுகளை மீண்டும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள்.